செயின் இல்லாத சைக்கிள்

மண்ணெண்ணெயில் ஊறிக் கிடக்கும் துருவின் வாசனை எங்காவது மூக்கில் பட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது கோடைக்கானலின் ஆடி மாதத்து மூடுபனிதான். எழுபதுகளின் பிற்பகுதி அது. சீசனுக்கு வந்த கூட்டமெல்லாம் இறங்கிப் போய், பங்களாக்களைப் பூட்டிவிட்டு, ஊர் தன்பாட்டுக்கு நனைந்துகொண்டிருக்கும் நாட்கள். அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவுக்கு என் அப்பா காவல்காரர். பின்கட்டில் எங்களுக்கு ஒரே ஓர் அறை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச்சுத்துணைக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. எனக்குப் பதினோரு வயது.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு அம்மா கன்னிவாடியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் கீழே இறங்குகிற எவரும் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். வெயிலுக்குள் போகிறவர்களுக்கு இது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. திரும்பி வரும் பஸ் பாதி மலை ஏறியதும் பல் கிட்டிக்கொள்ளும்போதுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கும். அம்மாவின் பச்சை ஸ்வெட்டரோ கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார்.

அம்மாவிடம் போய்விடுவது என்று நான் முடிவு செய்தேன். பஸ்ஸில் ஏறலாம் என்றால் கண்டக்டர்கள் எல்லோரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அப்போதுதான் விறகுக் கொட்டகையில், முன்பு அங்கே குடியிருந்த வெள்ளைக்காரப் பையன் விட்டுப் போன சைக்கிள் ஒன்றின் வெறும் ஃபிரேம் கண்ணில் பட்டது. சக்கரம் இல்லை, சீட் இல்லை, உடம்பெல்லாம் துரு.

ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அந்தோணி அண்ணனுக்கு மழைக்காலத்தில் சோலி கிடையாது. அவர் சொல்லித் தருகிற ரகமும் இல்லை. மழைக்கு ஒதுங்கியவள் போல நின்று, அவர் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொள்வேன். கடைக்குப் பின்னால் கழித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து இரண்டு ரிம், ரிம்மையும் அச்சையும் இணைக்கும் வளைந்த "போக்ஸ் கம்பி", ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட டியூப், டயர், கிழிந்த சீட், கேரியர் என்று கேட்டுக் கேட்டு வாங்கி வந்தேன். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தினேன். சக்கரம் ஆடாமல் நேராகச் சுற்றும்படி "கோட்டம்" எடுக்க மட்டும் பதினைந்து நாள் ஆயிற்று. அப்படியும் பின்சக்கரம் சாகும்வரை நொண்டியது. அச்சுக்குள் போடும் "பால்ரஸ்" குண்டு ஒன்று உருண்டு விறகுக்குள் மறைந்துபோன அன்று, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தக் குண்டுக்காக மட்டும் அழவில்லை.

எந்நேரமும் நான் கொட்டகையிலேயே கிடப்பதைப் பார்த்து, கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று அப்பா கேலி செய்வார். அவசரப்பட்டுக் கையைக் கிழித்துக்கொண்டால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். அதற்கு மேல் உள்ளே வந்து பார்த்ததில்லை.

நான் அதிகம் பாடுபட்டது பிரேக்குக்குத்தான். பழைய டயரை அறுத்து, இரண்டு சக்கரத்துக்கும் கட்டை செய்து மாட்டினேன். செயின் வேண்டாமா என்று அந்தோணி அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். செயின் இல்லாத வண்டியைக் கொலுவிலா வைக்கப் போகிறாய் என்று சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து வந்த அப்பா நேரே கொட்டகைக்குள் வந்தார். வண்டியைத் தூக்கிப் பார்த்தார், முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தினார். நல்லாப் பிடிக்குதே என்று அவர் முகம் மலர்ந்தது. பிறகு குனிந்தவரின் கை பெடலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"செயின் எங்க பாப்பா?"

"எறக்கந்தானப்பா. மிதிக்க வேண்டியதில்லையே."

"திரும்ப ஏறுறதுக்கு?"

நான் குனிந்து பிரேக் கட்டையைத் துடைத்தேன். அப்பா செயின் இல்லாத அந்தப் பின்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டார். அவரை நான் எவ்வளவு தனியாக விட்டுப் போகத் துணிந்திருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

"வத்தலக்குண்டு தாண்டுனா தரை சமமாக் கெடக்கும்," என்றார் கடைசியில். "அங்கிட்டு மிதிக்காம ஒரு அடி நகராது."

எனக்கு அது தெரியாது. கன்னிவாடிக்குப் போன இரண்டு தடவையும் அம்மா மடியில் தலையைக் கவிழ்த்து, வாந்தி எடுத்தபடியே போனவள் நான். அம்மாவின் வாசல்வரைக்கும் இறக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா பேப்பரில் சுற்றிய செயின் ஒன்றோடு வந்தார். எண்ணெய் போட்டு மாட்டினார். பிறகு அறைக்குள் போய் என்னுடைய ஸ்வெட்டரை எடுத்து வந்து, மடித்துக் கேரியரில் செருகினார்.

"வரும்போது குளிரும்," என்றார்.

அந்த வண்டியில் நான் கீழே போகவே இல்லை. அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, ஏரியைச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொண்டேன். காலாண்டுப் பரீட்சை லீவில் அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். கன்னிவாடியில் அம்மா என் பையைத் திறந்து, மேலாக இருந்த ஸ்வெட்டரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் கேட்டாள். அவள் கடைசிவரை மேலே வரவில்லை.

பிறகு நானும் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு இறங்கிவிட்டேன். ஒவ்வொரு முறை ஊரிலிருந்து கிளம்பும்போதும் அப்பா அதே இரண்டு வார்த்தையைச் சொல்லி ஸ்வெட்டரை எடுத்துக் கொடுப்பார். இன்று அந்த பங்களா ஓட்டலாகிவிட்டது. விறகுக் கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்தோணி அண்ணன் கடையும் இல்லை. நொண்டிச் சக்கரத்து சைக்கிள் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிற்று.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு இறங்கிய அன்று, அந்த அறையைக் கடைசியாகப் பூட்டியது நான்தான். என் ஸ்வெட்டரைக் கதவுக்குப் பின்னால் அந்த ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.