நன்றியுரையில் ஒரு சொல்

பெண்ணியச் சிறுகதைகளில் விடுதலை என்பது பற்றி ஆறு ஆண்டுகள் ஆய்வு செய்து, இருநூற்றுச் சொச்சம் பக்கம் எழுதினேன். அதில் என் கணவர் வாசிக்கப்போவது ஒரே ஒரு பக்கம், நன்றியுரை. அதையும் தம்மைப் பற்றிய வரி வரைக்கும்தான். குறையாகச் சொல்லவில்லை. மற்ற பக்கங்களை என் நெறியாளரே எவ்வளவு வாசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர் பாளையங்கோட்டையில் ஓர் அக்கா. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு கணினி. ஒற்று மிகும் இடம், மிகா இடமெல்லாம் கேட்காமலே திருத்திவிடுவார். என் மூன்றாம் இயலில் இரண்டு பத்திகள் ஒன்றையே சொல்கின்றன என்று கண்டுபிடித்ததும் அவர்தான்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சேரன்மகாதேவியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். நன்றியுரை மட்டும்தான் பாக்கி. திரையில் கணவருக்கான வரி ஏற்கெனவே இருந்தது. "என்னை ஆய்வு மேற்கொள்ள அனுமதித்த என் அன்புக் கணவருக்கு நன்றி."

"நான் இதை எழுதித் தரலையே, அக்கா."

"கல்யாணமான எல்லா டீச்சருக்கும் இதத்தான் போடுதேன். இதுவரைக்கும் யாரும் மாத்தச் சொன்னதில்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடுதலை என்று நூறு இடத்தில் எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டிக்கொண்டு நிற்பதா? 'அனுமதித்த' என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். வரி மொட்டையாக நின்றது.

"எதுக்கு நன்றின்னு வரணும்லா? அவிய என்ன செஞ்சாவ?"

யோசித்தேன். ஒரு மழை நாளில் பஸ் நிறுத்தம் வரை பைக்கில் கொண்டுவிட்டார். அதை எழுதினால் குத்திக்காட்டுவது போல இருக்கும். 'ஊக்குவித்த' என்றால் பொய். 'ஒத்துழைத்த' என்றால் பெரும் பொய். 'தடுக்காத' என்று போடலாமா என்று கேட்டேன். அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் அழித்தார்.

"வீட்டுல சண்ட வரும், டீச்சர். 'அனுமதித்த'ன்னா மட்டும் என்ன கொறச்சல்? நீங்க கேக்காமலா சேந்தீய?"

கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். தோசை சுட்டுக்கொண்டே கேட்டேன். கணவர் பதில் சொல்லவில்லை. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி கேட்டபோது, "சரி, வீட்டு வேலைக்குக் கொறவு வராமப் பாத்துக்கோ" என்றார். கதைகளில் வரும் பெண்கள் யாரும் யாரிடமும் கேட்பதில்லை என்பதைப் பற்றித் தனி இயலே பின்னால் எழுதினேன். படிக்கும்போது நானும் அவர்கள் பக்கம்தான். தோசைக்கல் முன்னால் நின்றது வேறு ஆள்.

ஆக, அந்தச் சொல் உண்மை. எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

"இருக்கட்டும், போட்டுருங்க அக்கா. முன்னால 'ஓராண்டு யோசித்து'ன்னு சேத்துக்கோங்க. சண்ட வந்தா வரட்டும்."

தட்டினார். "ஓராண்டு யோசித்து, என்னை ஆய்வு மேற்கொள்ள அனுமதித்த கணவருக்கு நன்றி." 'அன்பு' எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் எம்.ஏ. சேரணும்னு ஒருக்கா கேட்டேன், டீச்சர். எங்க வீட்டுல யோசிக்கல."

சொல்லிவிட்டுப் பிரிண்ட் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஆய்வேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்த ஒரே ஆள் அவர்தான். பக்கம் வெளியே வந்ததும் எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் அவரும் இருந்தார். "பிழையின்றித் தட்டச்சு செய்து தந்த சகோதரிக்கு நன்றி." அதையும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவரே தட்டிக்கொண்டது.