தடா அருவிக்கு ஒற்றையடிப் பாதையில்

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து காலை ஆறு மணிக்கு வெளியே வந்தவன், ஏழே காலுக்கு எங்கள் ஊர் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் புளிசாதப் பையோடு நின்றேன். 2006 டிசம்பர், அரையாண்டு லீவு. ஓவர்டைமைக் காட்டி இந்த அருவிப் பயணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டாயிற்று. இதையும் தள்ளினால் வீட்டில் சோறு கிடைக்காது. உடம்பு மட்டும் பிளாட்பாரத்துக்கு வந்திருந்தது, தூக்கம் இன்னும் மில்லிலேயே படுத்திருந்தது.

என் மனைவி வசந்தா, எட்டாவது படிக்கும் மகள் தீபா, முந்தின நாளே மணவாள நகரிலிருந்து வந்துவிட்ட மச்சான் முருகன், நான். சூளூர்ப்பேட்டை வண்டியில் தடாவுக்கு டிக்கெட் ஆளுக்கு ஏழு ரூபாய்.

வீட்டில் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாதிக்கு மேல் காது போய்விட்டது. காய்ச்சின இரும்புக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றதற்கு வந்த போனஸ். மில்லில் அது ஒரு குறையே இல்லை. அந்த இரைச்சலில் எவனுக்கும் எதுவும் கேட்காது, உதட்டைப் பார்த்தும் விரலைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். வீட்டிலும் அதே வித்தையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜோக் சொன்னால் சிரித்தார்களா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வசந்தாவுக்குத் தெரிந்தால் மில்லை விடச் சொல்வாள். விட்டால்? இரும்பைக் கம்பியாக்குவதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

எட்டரைக்குத் தடா. ஆட்டோக்காரர் ஆந்திரத் தமிழில் விலை சொன்னார்: "போக வர முந்நூத்தம்பது நைனா. நாலு மணி வரிக்கும் வெயிட் பண்றேன்." வரதய்யபாளையம் தாண்டி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நான் முன்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் அவர் உதட்டைப் பார்த்தபடியே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். "உங்க ஊட்டுக்காரர் நல்லா பேசறாரும்மா" என்று வசந்தாவிடம் சர்ட்டிபிகேட்டே கொடுத்தார்.

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து காட்டுக்குள் நடை. அங்கேதான் மாட்டினேன். ஒற்றையடிப் பாதை. முன்னால் போனால் பின்னாலிருந்து வரும் குரல் கேட்காது. பின்னால் போனால் மூன்று முதுகுகள். முதுகுக்கு உதடு கிடையாது. கடைசியில் முன்னால் போனேன், ஜோக் சொல்லும்போது மட்டும் அவர்களைப் பார்த்துத் திரும்பிப் பின்னோக்கி நடந்தேன். மூன்றாவது ஜோக்கில் கல் தட்டி ஓடைக்குள் உட்கார்ந்தேன். புளிசாதம் தப்பியது.

"இன்னா மாமா, அருவி வர்றதுக்குள்ள குளிச்சிக்கினியா?" என்றான் முருகன்.

பதினோரு மணி வாக்கில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தீபா என் முன்னால் வந்து குதித்தாள். "நைனா, அருவி சத்தம்! கேக்குதா?"

"கேக்காம? காதப் பொளக்குதே!"

"பாறையில பட்டு ரெண்டு பக்கமும் கேக்குது. எந்தப் பக்கம் மாமா?" என்றான் முருகன்.

"லெப்ட்டு" என்றேன், மேஸ்திரி மாதிரி. வசந்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

கால் மணி நேரம் முள்ளுக்குள் போனோம். தீபா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா, சத்தமே நின்னு பூடுச்சி."

திரும்பி நடந்தோம். வசந்தா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

அருவி வலதுபக்கம் இருந்தது. அந்த வருட மழை மொத்தமும் பாறையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது காதில் கேட்கவில்லை, மில் மாதிரி நெஞ்சில் இடித்தது. முருகன் தீபாவின் காதருகே போய்க் கத்தினான். அவள் கையை விரித்து "இன்னா?" என்றாள். அங்கே எல்லாருக்கும் என் கதிதான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தண்ணீரில் காலை விட்டுப் பாறையில் சாய்ந்தேன். கண் சொருகியது.

எதிரே கழுத்தளவு தண்ணீரில் நின்ற வசந்தா என்னையே பார்த்தாள். உதடு மெதுவாக அசைந்தது.

"எத்தினி வருசமா உனுக்குக் காது கேக்கல?"

மில் பழக்கம். யோசிக்காமல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

காட்டிய பிறகுதான் உறைத்தது. அவளுக்குப் பக்கத்திலேயே நின்ற முருகனுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. "இன்னாக்கா?" என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தான். வசந்தா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வழுக்குப் பாறையிலும் நின்று, முழுசாகத் திரும்பி, "பாத்து, பாசி கீது" என்று சொல்லி, நான் தலையாட்டிய பிறகே அடுத்த அடி வைத்தாள். அதனால் ஆட்டோவுக்கு ஐந்து மணி ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார். கால் இருந்த வலியில் பேரம் பேசத் தெம்பில்லை.

ரயிலில் முருகனும் தீபாவும் ஏறியதும் தூங்கிவிட்டார்கள். வசந்தா எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொள்வாள். இன்றைக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். ஆரம்பாக்கத்தில் ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருசமா நான் பேசனதுல எதுக்கெல்லாம் சும்மா தலையாட்டன? நாளைக்கே போய் மில்லுலயே வேற எடத்துல வேலை கேளு. வெளிய லோடு எண்றதுன்னாலும் பரவால்ல. நீ கேக்கலன்னா நானே வந்து மேனேஜரைக் கேக்கறேன். மூஞ்சப் பாரு, ஜோக்கு சொல்றாராம் ஜோக்கு..."

எளாவூர் போயிற்று. கும்மிடிப்பூண்டியில் ஜன்னலுக்கு வெளியே எங்கள் மில்லின் புகைக்குழாய் வந்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவள் சொல்வதில் பாதி போய்விடும்.