பெரிய வூட்டு முன்கதவு

மே மாத வெயிலில் கொதித்துக் கிடக்கும் மணலைத் தத்தித் தத்திக் கடந்து வந்து, பழைய வீடொன்றின் தரையில் உள்ளங்காலை வைத்ததும் முழங்கால்வரை ஏறுமே ஒரு குளிர்ச்சி, என் கோடை விடுமுறைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். கடல்கூட அதற்குப் பிறகுதான். செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு "போர்ஷன்". அங்கே கோடையில் கூரை மட்டுமல்ல, தரையும் சுடும், குடத்துத் தண்ணீரும் சுடும், மதியத்துக்கு மேல் அம்மாவின் வாயும் சேர்ந்து சுடும்.

அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் பியூனாகச் சேர்ந்து, இரவுப் பள்ளியில் படித்து, எழுத்தராக உயர்ந்தவர். மற்ற மாதங்களில் எங்களைத் தெருமுனைக்குக்கூட அழைத்துப் போகாத மனிதர், மே மாதத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் ஒரு பையுமாகக் காலையிலேயே கிளம்பி நிற்பார். புளிசோறும் அவித்த முட்டையும் அந்தப் பைக்குள் மணக்கும். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காக நானும் தம்பியும் முடியைப் பிடித்துக்கொள்வோம். எஸ்தர் அத்தை எங்கள் இருவரையும் விலக்கிவிட்டு உட்கார்ந்து, யாருக்கும் இல்லாமல் ஜன்னலைத் தானே எடுத்துக்கொள்வாள். அத்தை அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு எங்களோடுதான் இருந்தாள்.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, கோவளம், மாமல்லபுரம், பிறகு பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கடற்கரைச் சாலையோரமாக மறுபடி எழுப்பி வைத்திருந்த ஒரு இடம், இவைதான் மாறி மாறி எங்கள் ஊர்சுற்றல். அதில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் வீடு, அப்புறம்தான் கடல். அந்த வீட்டுக்குள்ளும் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும்; வலதுகாலோ இடதுகாலோ, அதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை, முன்வாசலாக இருந்தால் போதும். நுழைந்தவுடன் கூடத்தின் நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து, வீட்டை வாங்க வந்தவர்போல உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சட்டம் யாருக்காக என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் விளங்கியது. எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் அத்தை காணாமல் போய்விடுவாள். டிக்கெட் கிழித்தவர் முன்வாசலைக் கைநீட்டிக் காட்டினாலும், அத்தையின் கால்கள் தாமாகவே சுவரோரமாக வளைந்து கொல்லைப்பக்கம் போய்விடும். நாங்கள் கூடத்தில் நிற்க, அவள் பின்கதவுக்கு வெளியே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பாள். அப்பா முகம் சிவக்க ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, வீட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து, மறுபடி முன்வாசல் வழியாக உள்ளே நுழைய வைப்பார். ஒருமுறை டச்சுக் கோட்டையிலும் அப்படித்தான் நடந்தது.

"கோட்டைக்கு இன்னாக்கா பின்வாசலு? பின்னால கடல்தான் கீது!" என்று அப்பா கத்தினார்.

"எனுக்கின்னாடா தெரியும், காலு போவுது" என்றாள் அத்தை.

அந்தக் கால் எங்கே பழகியது என்று சொல்ல வேண்டும். கருங்குழிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக ஊரில், சாலையைப் பார்த்து ஒரு மாடி வீடு இருந்தது. ஊரில் அதற்கு வேறு பெயர் கிடையாது, "பெரிய வூடு" என்றால் போதும். எங்கள் ஆட்கள் காலனியில் இருந்துகொண்டு அந்த வீட்டாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள். அத்தை பாவாடை கட்டிய வயதிலேயே அந்த வீட்டு மாட்டுக்கொட்டாயில் சாணி அள்ளப் போனவள். பின்கதவுப் படிக்கு வெளியே அவளுக்குக் கூழ் ஊற்றுவார்கள். படியைத் தாண்டி அவள் கால் வைத்ததில்லை, யாரும் வைக்க விட்டதில்லை. அப்பாவுக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அத்தை அந்த வீட்டைப்பற்றிப் பேசினால் கோபம் வராது, வேறொன்று வரும். பின்கதவிலிருந்து முன்கதவுவரை ஒரே நேராகத் தெரியும் வீடாம் அது. முன்கதவுக்கு மேலே கலர்க் கண்ணாடி பதித்திருந்தார்களாம். காலை வெயில் அதன் வழியாகக் கூடத்துத் தரையில் விழும். கூழ் குடிக்கிற நேரமும் அதுதான். "தரயில கலர் துணி விரிச்சா மாரி கெடக்கும்டி. சேப்பு, பச்ச, ஊதா. அதுல கைய வெச்சா கையும் அந்தக் கலராவுமான்னு ஒரே ஒரு தபா பாக்கணும்" என்பாள், பஸ் ஜன்னலில் எதையோ பார்த்தபடி.

ஆக, அத்தைக்கும் அப்பாவுக்கும் அந்த வீட்டின்மேல் ஆளுக்கொரு ஆசை இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் அப்பா, "இந்த வருசம் பெரிய வூட்டுக்குத்தான்" என்று ஆரம்பிப்பார்; பிறகு அது கடற்கரையில்தான் போய் முடியும். ஒரு வருடம் மட்டும் நிஜமாகவே கிளம்பினோம். அந்த வீட்டு வாரிசு ஒருவர் சென்னையிலிருந்து ஏதோ வேலையாக அப்பாவின் அலுவலகத்துக்கு வந்தாராம். அப்பா தான் யார் என்று சொல்லிக் கேட்க, "அங்க இப்ப யாரும் இல்ல, தாராளமாப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டாராம். அத்தை கிறிஸ்துமஸ் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். காலை வெயில் வேண்டுமென்று எங்களை இருட்டோடு எழுப்பிவிட்டதும் அவள்தான்.

பெரிய வீடு நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. தூண்களில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஆனால் கண்ணாடி அப்படியே இருந்தது, சாலையிலிருந்தே தெரிந்தது. காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்து முன்கதவைத் தள்ளிப் பார்த்தார், அப்பாவும் சேர்ந்து தோளைக் கொடுத்து முட்டினார்; கதவு அசையவில்லை.

"மழயில ஊறி இறுகிப் பூட்ச்சி சார். தொறந்தே ரொம்ப நாளாவுது. பின்னால வாங்க, அங்க தொறந்துதான் கீது" என்றார் அவர், ஒரு கள்ளமும் இல்லாமல்.

அத்தை ஏற்கெனவே சுவரோரமாகத் திரும்பிவிட்டாள். அப்பா மட்டும் படியிலேயே நின்றார். அவர் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இல்லக்கா. போனா இதால போவணும். இல்லன்னா வாணாம்."

"எதால போனா இன்னாடா? உள்ள போனாப் போதாதா? வெயிலு ஏறுது பாரு."

"அடுத்த வருசம் ஆசாரிய வெச்சிக் கதவத் தொறந்து வெக்கச் சொல்றேன். நீ ராணி மாரி நடந்து போவலாம்."

அத்தை கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். செங்கல்பட்டு திரும்பி, அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினோம். கடலைக் கண்டதும் எனக்கும் தம்பிக்கும் எல்லாம் மறந்துவிட்டது. அத்தை புடவை நனையாமல் தூரத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள், அப்பா அவளுக்கு மாங்காய்ப் பத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார், அவள் அதை எங்களுக்காக எடுத்து வைத்தாள்.

அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. அப்பாவுக்கு மாற்றல், எனக்குப் பொதுத்தேர்வு, அத்தைக்கு முட்டிவலி என்று ஒவ்வொரு மே மாதத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அப்பாவும் அதற்குப்பின் பெரிய வீட்டைப்பற்றி வாய் திறக்கவில்லை. போன மழைக்காலத்தில் அத்தை போய்விட்டாள். நெஞ்சின்மேல் சேர்த்து வைத்த அவள் கைகளைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கலர் வெளிச்சம்தான் நினைவுக்கு வந்தது.

பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி அலுவலகத்தில் எனக்கு வேலை. சக ஊழியர்கள் வாரக்கடைசிக்கு எங்கே போகலாம் என்று ஃபோனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய வீட்டின் படம், ஊர்ப் பெயரோடு, கண்ணில் பட்டது. பாரம்பரிய வீடு, மதிய விருந்து, தங்கும் வசதி. இந்த மே மாதத்தில் அப்பாவைக் காரில் அழைத்துக்கொண்டு போனேன். எங்கே என்று சொல்லவில்லை. கருங்குழி தாண்டியதும் அவருக்கே புரிந்துவிட்டது, இஸ்திரி கலையாத சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முன்வாசலைத் தேடினேன். சாலையை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பக்கத்தை இடித்துவிட்டார்களாம். தூண், கதவு, கண்ணாடி எதுவும் இல்லை. சாலையை ஒட்டி ஒரு வெற்றுச் சுவர் மட்டும் நின்றது. அம்புக்குறி போட்ட பலகை கார்களைச் சுவரோரமாக வளைத்துக் கொல்லைப்பக்கம் அனுப்பியது. மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பின்கதவில் மாவிலைத் தோரணம் கட்டி, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் சந்தனக் கிண்ணத்தோடு நின்று, வருகிறவர்களை எல்லாம் கைகூப்பி வரவேற்கிறாள்.

அப்பா அவளைத் தாண்டி, செருப்பைக் கழற்றினார். "பரவால்ல சார், செருப்போடவே வாங்க" என்றாள் அவள். அவர் காதில் வாங்காமல் வெறுங்காலோடு கூடத்தின் வழியாக ஒரே நேராக நடந்து, அந்தச் சுவர்வரை போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் லாரிகள் ஓடும் அதிர்வு மட்டும்தான் இருந்திருக்கும். திரும்பி வந்து பின்கதவுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சாப்புடலாம்ப்பா" என்றேன்.

"அக்கா கூப்ட்ச்சிம்மா" என்றார். "வெயிலு ஏறுதுடா, வாடான்னு கூப்ட்ச்சி. நான்தான் போவ வுடல."