மரத்துப்போன பாதத்தை அருள் என்றோம்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அச்சகத்தில் அடுத்த வருடக் காலண்டரின் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது நம் ராமேஸ்வரம் நடைக்குழுவில், 'சங்கரபாண்டியன் அண்ணாச்சி இன்று காலை இறைவன் திருவடி சேர்ந்தார்' என்று இருந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவர், 'கிளம்பும் முன்பே சாமி கூப்பிட்டுக்கொண்டார், கொடுத்து வைத்தவர்' என்று எழுதியிருந்தார். யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதில் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். அன்று அனுப்பாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

சாமி யாரையும் கூப்பிடவில்லை. காலில் முள் தைத்துப் புரையோடி, அதைக் கவனிக்காமல் விட்டதால் அண்ணாச்சி செத்துப்போனார். கவனிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன், நீங்கள் ஆறு பேரும் உண்டு, அவரும் உண்டு.

அவரைத் தெரியாதவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கடைசிப் பத்து வருடம் போர்மேன். சிவகாசியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஐம்பத்தொன்பது வயது. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பார், சண்டை முடிந்த கையோடு டீ வாங்கித் தருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பிழை திருத்துகிறவன் என்பதில் அவருக்கு ஓயாத கேலி. "ஊருல இருக்க பிழையெல்லாம் விட்டுட்டு, காயிதத்துல இருக்கதப் பிடிச்சுக்கிட்டு இருக்கியேலே" என்பார்.

நம் பக்கத்தில் நடப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. இருக்கன்குடிக்கு நடப்பார்கள், திருச்செந்தூருக்கு நடப்பார்கள். வழி நெடுக மோர், சாப்பாடு, காலுக்குத் தைலம் தடவ ஆள். அண்ணாச்சி கேட்டது வேறு வழி. அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர், உத்தரகோசமங்கை என்று உள்ளே உள்ளே போய் ராமேஸ்வரத்தில் முடிகிற வழி. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில், எட்டு நாள், வெறுங்காலோடு. அந்த வழியில் இந்தப் பக்கத்து ஆட்கள் நடந்து நான் பார்த்ததில்லை.

வழி பார்த்துவர நாங்கள் இரண்டு பேரும் அவருடைய மொபெட்டில் இரண்டு முறை போனோம். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்க விடுவார்கள், எந்த ஊர் நாய் கடிக்கும் என்றெல்லாம் விசாரித்தார். கமுதிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை அம்மா கேட்டார்: "ராமேஸ்வரத்துக்கு நடக்கவா போறீக? இங்கன யாரு நடக்கா? மெயின் ரோட்டுல போனா சோறாவது கிடைக்கும்ல?"

"சோத்துக்கு வரல ஆத்தா. குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க, போதும்" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா சிரித்துவிட்டு, எட்டுப் பேருக்கும் தண்ணீர் எடுத்துவைப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு செம்பில் தண்ணீரைக் கொடுத்து, முதலில் எங்களைக் குடிக்கச் சொன்னார்.

குழுவில் முதல் சண்டை லோடு ஆட்டோவால் வந்தது. பையையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ பின்னால் வரட்டும், யாருக்காவது முடியவில்லை என்றால் ஏறிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நியாயமான பேச்சு. அண்ணாச்சி எழுந்து நின்று கத்தினார். "லோடு கீடுன்னு எவனாவது பேசினீகன்னா நான் ஒத்தையில போயிருவேன்." ஆட்டோ பேச்சை அதோடு விட்டோம். வயதான மனிதரின் வீம்பு என்று நினைத்துக்கொண்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரணத்தை அன்று வீடு திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் பொறுப்பிலிருந்த, பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறை வெடித்தது. உள்ளே நான்கு பெண்கள். வெடிப்பதற்குச் சற்று முன்னால் வாசலில் நின்று, "சீக்கிரம் முடிங்கம்மா, லோடு நிக்கிது" என்று அவர்களை விரட்டிவிட்டுக் குடோன் பக்கம் போயிருக்கிறார். அதுதான் அவர்களிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. மருந்து அறைக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர்களுக்காக வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், அக்னி தீர்த்தத்தில் இறங்கி நான்கு பேரையும் சொல்லி முழுக வேண்டும் என்றார். "சாமிக்கு அவசரம் இல்லலே, மருந்துக்கும் அவசரம் இல்ல. அவசரப்பட்டது நான்தான்" என்றார். அன்று ஆர்டர் எடுத்தவர்களும் அவசரப்பட்டவர்கள்தான். அவர்களில் ஒருத்தரும் ராமேஸ்வரத்துக்கு நடக்கக் கிளம்பவில்லை, போர்மேன்தான் கிளம்பினார்.

அந்த நான்கு வீட்டுக்கும் போய் அனுமதி கேட்டுவிட்டுத்தான் மாலை போடுவேன் என்றார். துணைக்கு நானும் போனேன். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை, கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தோம். நான்காவது வீட்டில், இறந்துபோன பெண்ணின் தாயார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "எம்மக பேரத் தாராளமாச் சொல்லுங்க. எப்படிப் போச்சு உசுருங்கிறதையும் சேத்துச் சொல்லிட்டு வாங்க."

"சொல்றேன் தாயி" என்றார். திரும்பி வரும்போது மொபெட்டை என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

இனி கால் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு தோறும் பழக்க நடை போனோம். சிவகாசியிலிருந்து உள்ரோடு வழியாகச் சூலக்கரை வரை நடப்பது, பஸ்ஸில் திரும்புவது. நீங்கள் எல்லாம் கொப்புளம் வந்து நொண்டினீர்கள். நான் தரையில் உட்கார்ந்தே விட்டேன். அண்ணாச்சி மட்டும் சரளைக் கல்லில் சும்மா விறுவிறு என்று போனார். "முப்பது வருசமா வேலையில வெறுங்காலு. நம்ம பாதம் டயருலே" என்றார். நாமும் நம்பினோம். ஆலைக்குள் அவர் நின்றது வழவழப்பான சிமெண்டுத் தரையிலும் ரப்பர் விரிப்பிலும். அதில் நின்ற பாதம் எப்படி டயர் ஆகும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பட்டாசு ஊர்க்காரர்களுக்கே உரிய மடத்தனம் இது. வெறுங்காலில் வேலை பார்த்தவன் எதையும் மிதிப்பான் என்று நமக்கு ஒரு நினைப்பு.

மூன்றாவது ஞாயிறு, கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டிருந்த இடத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். தார் ரோட்டில் அடிக்கு ஒரு சிவப்புக் கறை.

"அண்ணாச்சி, கால்ல ரத்தம் வருது."

"எந்தக் கால்லலே?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. விரல் நீள முள் பாதத்தில் ஏறி முறிந்திருக்கிறது. எந்தக் காலில் என்று மனிதருக்குத் தெரியவில்லை. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வலியே இல்லப்பா, அவன் கூட்டிட்டுப் போறான்" என்று வானத்தைக் காட்டினார். நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். ஒருவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இன்னொருவர் விபூதியை எடுத்துக் காயத்தில் அப்பினார். நான் என்ன கிழித்தேன்? பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ இருந்திருந்தால் ஏற்றியிருப்போம். இல்லாததால் மிச்சம் ஒன்பது கிலோமீட்டரையும் அந்தக் காலோடு நடந்தார்.

எனக்கு உங்களைவிடக் குற்றம் அதிகம். வழி பார்க்கப் போனபோது திருச்சுழியில் மொபெட் பெட்டியைத் திறந்தேன், ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தேன். சர்க்கரை மாத்திரை, என் வீட்டில் வாங்குகிற அதே மாத்திரை. கேட்டபோது, "ஒங்க மதினியோடது, வாங்கிட்டுப் போறேன்" என்றார். மதினிக்குச் சர்க்கரை கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அட்டையை உள்ளே வைத்து மூடினேன். கேட்டால் நடை நின்றுபோகும் என்ற பயம். மாலை போட்ட பிறகு ஒரு வேளைதான் சாப்பாடு, மாத்திரையையும் நிறுத்திவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. சர்க்கரையில் பாதம் மரத்துப்போய் எத்தனை வருடமோ. அதைத்தான் அருள் என்று கும்பிட்டோம்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்து விழுந்தார். மதினி காயத்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது. விருதுநகரில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இன்றே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணாச்சி மாட்டேன் என்றார். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன் என்று சொல்வது மரியாதைக்கு. கத்தினேன்.

"பேரச் சொல்றதுக்கு வாய் போதும் அண்ணாச்சி, கால் எதுக்கு? நான் கார்ல கூட்டிட்டுப் போறேன், தண்ணிக்குள்ள தூக்கி வைக்கிறேன்."

"அதுக நாலும் ஓடக் கால் இருந்தும் ஓட முடியாமக் கிடந்துச்சுக. நான் கார்ல போய் இறங்கவாலே?"

"நீங்க செத்துப்போனா யாரு போறது?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலை மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாராம். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது, ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகவே இல்லை.

அண்ணாச்சி, உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி மாத்திரையை மறைத்தீர்கள். நான்கு பேருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, மதினியைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அவசரப்பட்டு நான்கு பேரைக் கொன்றேன் என்று அழுத மனிதர், டாக்டர் அவசரப்படச் சொன்னபோது மட்டும் நிதானமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். பதிலுக்கு நீங்களும் நாலு வார்த்தை திட்டியிருப்பீர்கள். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நீங்கள் இல்லாமல் இந்தத் தெரு எனக்குப் பிடிக்கவில்லை.

பதினாறாம் நாள் மதினி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அவுக சொன்ன சொல்லு அந்தரத்துல நிக்கிதே தம்பி. அந்தப் புள்ளயப் பெத்த அம்மாகிட்ட வேற சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தாகளாமே?"

"நான் போறேன் மதினி" என்றேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த வழி ஒன்றைத்தான். ஒவ்வொரு ஊரும், ஒவ்வொரு தண்ணீர்க் குழாயும் எனக்கு மனப்பாடம். அவருடைய வெறுங்காலை எடுத்துக்கொள்ள மாட்டேன். நல்ல கெட்டியான செருப்பு வாங்கியிருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டுதான் நடப்பேன். பின்னால் லோடு ஆட்டோ வரும். தீர்த்தத்தில் இறங்கி ஐந்து பேரைச் சொல்வேன், ஒவ்வொருவருக்கும் உயிர் எப்படிப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது என் பெயரும் உங்கள் பெயர்களும் அதில் வரும்.

கூட வருகிறவர்கள் வாருங்கள். தினமும் காலையிலும் சாயங்காலமும் பாதத்தைத் திருப்பி எனக்குக் காட்ட வேண்டும், மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வேண்டும். காட்டாதவரைக் கூட்டிப்போக மாட்டேன். சாமிக்குக் கோபம் வந்தால் என்னிடம் வந்து கேட்கட்டும்.