பஞ்சாபகேசன் தின்கிற சோறு

பாகற்காய்ச் சாறு தொண்டையில் இறங்கும்போது குற்றாலலிங்கம் முகத்தைச் சுளிப்பதில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டு, அடுத்தாற்போல் தேன் புட்டியை எடுப்பார். பெரிய கரண்டி நிறைய. "தேன் மருந்தாக்கும். சீனி வேற, தேன் வேற" என்பார், யாரும் கேட்காமலேயே. கரமனை வீட்டுச் சமையலறையில் அந்நேரம் சிவகாமியம்மாள் கணவருக்கான சப்பாத்திகளைச் சுட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள். மூன்று வேளையும் அதுதான்.

சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து இந்த நியமம். அந்த வருஷங்களில் திருவனந்தபுரத்தில் சர்க்கரைக்காரர் என்றால் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர் என்று அர்த்தம். எத்தனை சப்பாத்தி என்று யாரும் கேட்பதில்லை. இவரும் பசி அடங்கும்வரை தின்பார். தேங்காயெண்ணெயைப் பற்றி எவரோ வாரப் பத்திரிகையில் பயமுறுத்தி எழுதியதைப் படித்துவிட்டுச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினார். அவியல் அவியலாகவே இல்லை என்று சிவகாமியம்மாள் அழாத குறை. முட்டையின் மஞ்சள் கரு விஷம், ராத்திரி பழம் தின்றால் சளி, கருப்பட்டிக் காப்பி எத்தனை குடித்தாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது.

இத்தனைக்கும் அவருடைய நிம்மதியைக் கெடுத்தது நோயல்ல, பஞ்சாபகேசன்.

கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடை. குற்றாலலிங்கம் அங்கே சரக்குப் பார்க்கிறவர், பஞ்சாபகேசன் காஷியர். அவரும் கரமனைக்காரர்தான், அக்ரகாரத்தில் வீடு; கடையில் எல்லோருக்கும் அவர் 'சாமி'. வயதும் ஏறக்குறைய ஒன்று. கடை முதலாளி ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை ஏற்பாடு செய்தபோது இருவருக்கும் சேர்ந்தே நோய் தெரிந்தது. ஒரே டாக்டரம்மா, ஒரே மாத்திரை. ஆனால் மத்தியானம் பஞ்சாபகேசன் பாத்திரத்தைத் திறந்தால் உள்ளே சோறு இருக்கும். கூடவே தேங்காய் துருவிப் போட்டுத் தேங்காயெண்ணெய் மணக்கிற பயற்றுத் தோரன், கீரை, மோர். மாசாமாசம் இருவரும் சேர்ந்தே லேபுக்குப் போவார்கள். சாமிக்கு இறங்கியிருக்கும், இவருக்கு ஏறியிருக்கும்.

எதிரே உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்க்கும்போது குற்றாலலிங்கத்துக்கு வயிறு எரியும். அந்த மனுஷர் சோறு தின்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தின்றுவிட்டுச் சௌக்கியமாக இருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாமி ரகசியமாக ஏதோ பச்சிலை சாப்பிடுகிறார் என்று மனைவியிடம் சாதித்தார். சாமி சாயங்காலம் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போவது அவருக்குத் தெரியும். வழியில் வைத்தியர் யாராவது இருக்க வேண்டும் என்று ஒருநாள் பின்னாலேயே போனார். கிள்ளிப்பாலம் தாண்டிக் கரமனை வரைக்கும் சாமி எங்கேயும் நிற்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். குற்றாலலிங்கத்துக்கு மிஞ்சியது கால்வலி.

நேரிலேயே கேட்டுப் பார்த்தார். "என்ன மருந்து சாமி, உள்ளதைச் சொல்லும்."

"மருந்தா? டாக்டர் சொன்னபடி சோத்தைக் கொறைச்சேன், காய்கறியைக் கூட்டினேன். அவ்வளவாக்கும்."

டாக்டரம்மா தன்னிடமும் அதையேதான் சொன்னார் என்பது குற்றாலலிங்கத்துக்கு நினைவிருந்தது. ஆனால் சர்க்கரைக்காரன் சோறு தின்னலாம் என்று சொன்ன இடத்திலேயே அந்த அம்மாள்மேல் இவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஓணத்துக்கு முந்திய மாசப் பரிசோதனையில் சாமியை முந்திக் காட்டுவது என்று தீர்மானித்தார். பரிசோதனைக்கு முந்தின நாள் காலையில் மாத்திரையை விழுங்கினார், பாகற்காய்ச் சாற்றை இரட்டிப்பாகக் குடித்தார், தேனைக்கூடத் தொடவில்லை. காலைச் சப்பாத்தியையும் மத்தியானப் பொதியையும் மனைவி பார்க்காதபோது அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுக் கடைக்கு வந்தார்.

கடையில் நல்ல கூட்டம். உச்சிப்பொழுது ஆவதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முண்டு வேட்டிக் கட்டுகளை எண்ணியவர் பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விற்பனைக்கு நிற்கும் ஓமனா ஏதோ கேட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தார். பிறகு அந்தத் துணிக்கட்டின் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓமனா போட்ட சத்தத்தில் பஞ்சாபகேசன் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். வேர்வையில் குளித்த முகத்தைப் பார்த்ததும், பக்கத்து டீக்கடையில் தண்ணீரில் நிறையச் சீனி கலக்கி வாங்கிவரும்படி ஓமனாவை விரட்டினார். டம்ளர் உதட்டருகே வந்தபோது குற்றாலலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பிள்ளைவாள், வாயைத் தொறங்கோ."

"வேண்டாம். நாளைக்கு டெஸ்ட்டு. நீரு தோத்துப்போவீருன்னுதான் சீனியக் கொண்டு வாறீரு." நாக்குக் குழறினாலும் சொல்லிவிட்டார்.

பஞ்சாபகேசனின் கை அப்படியே நின்றது. இத்தனை மாசமாக எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு தரையில் மண்டியிட்டு, குற்றாலலிங்கத்தின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார்.

"சரி. நீங்க ஜயிச்சுட்டேள், நான் தோத்தாச்சு. இப்போ தொறங்கோ."

வாய் திறந்தது.

டம்ளர் காலியாகிச் சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. பஞ்சாபகேசன் தன் சோற்றில் பாதியை அவருக்குப் போட்டார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு தேங்காயெண்ணெய்த் தோரன் நாக்கில் பட்டதும் குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிற்று. அதையும் சாமி பார்த்துவிடாதபடி தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் சிவகாமியம்மாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. இந்த மாத்திரை போடுகிறவர் வேளைக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும், சர்க்கரை அப்படி ஒரேயடியாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து, அந்த நேரத்தில் சீனிதான் மருந்து என்றார். சோறும் சப்பாத்தியும் உடம்புக்குள் போனால் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு என்பதுதான் கணக்கு. தேனும் கருப்பட்டியும்கூடச் சர்க்கரைதான். பாகற்காயைக் கறிவைத்துத் தின்னலாம், அதை நம்பி மற்றதை அள்ளித் தின்னக்கூடாது. நடக்கவும் சொன்னார். சிவகாமியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தேங்காயெண்ணெ ஊத்தலாமாம்மா?" கொஞ்சமாக ஊற்றலாம் என்று பதில் வந்தது. மறுநாள் அந்த வீட்டில் அவியல் மணத்தது.

செத்துப் பிழைத்ததைக் குற்றாலலிங்கம் சீக்கிரமே மறந்துவிட்டார். சாமி அவ்வளவு லேசாகத் 'தோத்தாச்சு' என்று சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. விட்டுக்கொடுத்துவிட்ட மனுஷரோடு எப்படிப் போட்டி போடுவது?

இப்போது இவரும் சோறுதான் கொண்டுவருகிறார். மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். சாமி திறக்கும்வரை இவர் தன் பாத்திரத்தைத் திறப்பதில்லை. திறந்ததும் சாமியின் சோற்றை ஓரக்கண்ணால் அளந்துவிட்டு, தன் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து மூடியில் ஒதுக்கி வைக்கிறார். கழுத்தை நீட்டி மறுபடி பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் எடுத்து வைக்கிறார்.