பதினெட்டாம் எண் சட்டை

சென்ற வாரம் ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். பேப்பர் படிக்கக் கையின் நீளம் போதாமல் போய் வெகுநாளாகிவிட்டது. வீட்டில் நன்றாகத் திட்டு வாங்கிய பிறகுதான் கிளம்பினேன். கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. ஒரு கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டிப் பார்த்தாள். வலது பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது, இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பியை வளைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடியும் வளைத்தாள். கோணல் கண்ணாடியில் இல்லை, காதில்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அங்கிள், காது என்ன இப்படி இருக்கு? ஆக்சிடெண்டா?”

“இல்லம்மா, ரக்பி.”

“ஓ, நீங்க வெளாண்டீங்களா? எங்க, ஸ்கூல்லயா?”

மலேசியாவுக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. கூச்சப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். அவள் நான் பிறந்த எஸ்டேட்டுப் பிள்ளையாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள், என்னைவிட நன்றாக அவளே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அந்தக் கூச்சத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ரக்பி பார்த்திருக்கிறீர்களா? முட்டை வடிவப் பந்து. அதனால் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், அதாவது லயத்தில், அதற்குப் பேரே முட்டைப்பந்துதான். அதில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையோடு தலை கோத்துக்கொண்டு தள்ள வேண்டும். முன்வரிசைக்காரனின் காது வருடக் கணக்கில் உரசி உரசிக் கடைசியில் கொழுக்கட்டையாகிவிடும். எனக்கு ஓட வராது, பந்து பிடிக்கவும் சுமார்தான். தள்ளுவேன். ஈப்போ பாடாங் திடல் ஓரமாக நடந்து போனவனை ஒரு வாத்தியார் உடம்பைப் பார்த்து இழுத்து நிறுத்தினார். தள்ளிக்கொண்டே போலீஸ் குழு, பேராக் மாநிலக் குழு என்று போய், ஒரு நாள் நாட்டுக் குழுவில் பேர் வந்துவிட்டது. ஈரப் புல்லும் தைலமும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் என் தோள் தானாக முன்னால் குனிகிறது. பஸ் ஸ்டாண்டில் அப்படிக் குனிந்து ஒருமுறை பக்கத்தில் நின்ற அம்மாவைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

ஆனால் காது என்றால் எனக்கு முதலில் வருவது அக்கா மகள் மலரின் காது.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் என்னை வளர்த்தது அக்காதான். அவளுக்கு நான் ஒரே தம்பி, மலருக்கு ஒரே தாய்மாமன். பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில், எங்கள் எஸ்டேட் கருப்பர் கோயிலில். மலருக்கு ஒரு வயதானபோது நான் போலீஸ் பயிற்சியில் இருந்தேன், லீவு கிடைக்கவில்லை. அவளுக்கு மூன்று வயதானபோது ஊரில்தான் இருந்தேன். ஆனால் ஆட்டத்தில் தோள் இறங்கிக் கை கழுத்தோடு கட்டிக் கிடந்தது. துள்ளுகிற பிள்ளையை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது என்று ஆசாரி கருவிப் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். காதில் ஒன்றும் இல்லாததால் லயத்துப் பிள்ளைகள் மலரை ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அழுதுகொண்டு வருவாள். “மாமா வரட்டும்டி” என்பாள் அக்கா.

ஐந்து வயதில் தள்ளிப்போட இடமில்லை. எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும் புந்தோங்குக்கும் காம்பாருக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. கோயிலை இடிக்கப் போகிறார்கள் என்றதும் கருப்பருக்குக் கடைசிப் பூசை வைத்து, அதே நாளில் காதுகுத்து என்று அக்கா முடிவு செய்தாள். அந்த வாரம்தான் கொழும்பில் ஆட்டம் வந்தது. கோச் என் தோளைத் தட்டி, இந்த முறை நீ இறங்குவாய் என்றார். அதுவரை நாட்டுக் குழுவோடு போய் வந்திருக்கிறேனே தவிர, திடலில் கால் வைத்ததில்லை. தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன்.

“போய்ட்டு வாடா. நாட்டுக்கு வெளாடுறவன இங்க புடிச்சு உக்காத்தி வைக்க நான் யாரு?”

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழுவில் கொடுத்த இரண்டு சட்டைகளில் ஒன்றைக் கிளம்பும்போது அவளிடம் கொடுத்தேன். அத்தான் அதைப் பிரித்து முதுகுப் பக்கத்தைப் பார்த்தார்.

“பதினெட்டு. பாத்தியா, நம்ம பதினெட்டாம்படிக் கருப்பரு நம்பர்லா.”

லயமே திரண்டு வந்து சட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இறங்கி ஆடுகிறவர்களுக்கு ஒன்றிலிருந்து பதினைந்து வரைதான் எண். அதற்கு மேலே இருப்பதெல்லாம் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் சட்டை கருப்பர் காலடிக்குப் போய்விட்டது.

கோச் சொன்னபடி நடக்கவில்லை, கொழும்பிலும் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் உள்ளே இருப்பவனுக்கு அடிபட்டால்தான் வெளியே இருப்பவனுக்கு வழி. என் இடத்தில் ஆடியவன் ரஹிம், எனக்கு அறைத் தோழன். முந்தின இரவு என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டவன். அவன் கால் ஒடிய வேண்டும் என்று கருப்பரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் ஒருமுறை விழுந்து கிடந்தான். நான் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவன் எழுந்து கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதே நாளில் கருப்பர் கோயிலில், ஒன்றுவிட்ட மாமன் முறையில் யாரையாவது உட்கார வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒப்பவில்லை. அத்தான் மடியில் என் சட்டையை விரித்து, அதன்மேல் மலரை உட்கார வைத்தாள். பிள்ளை அலறிக்கொண்டு சட்டைக் காலரைப் பிடித்த பிடியை விடவில்லையாம். காலரில் ஒரு சொட்டு ரத்தம்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் லயத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன்.

“நான் எறங்கவே இல்லக்கா.”

அக்கா கலக்கிக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்தாள்.

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

“வெளிய போய் இதச் சொல்லிடாத. நீ வெளாடப் போனேன்னுதான் எல்லாரும் பொறுத்துக்கிட்டாங்க. எம்புள்ளைக்கு சும்மா குந்தியிருந்தவன் சட்டையிலயா காது குத்தினேன்?”

கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். “ஒரு ட்ரை அடிச்சிருக்கான்லா” என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பதுதான் ட்ரை. அந்த ஒரு வார்த்தையை அவள் என்னிடமிருந்துதான் கற்றிருந்தாள். வாசலில் கை தட்டினார்கள். நான் வெளியே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கமான பையன் என்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் எல்லோரும் கலைந்து போனார்கள். மூட்டை முடிச்சோடு என் ட்ரையையும் ஆளுக்கொரு ஊருக்கு எடுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு நிஜமாகவே ஆடினேன், நம்புங்கள். ரஹிம் ஓய்வு பெற்றதும் அந்த இடம் எனக்கு வந்தது. சில வருடங்கள் நாட்டுக்குத் தள்ளினேன். கோலாலம்பூரில் மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு ட்ரை. என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். எல்லோரும் குவியலாக விழுந்ததில் பந்து என் வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது, குவியலோடு கோட்டைத் தாண்டிவிட்டேன். அவ்வளவுதான். கூப்பிட்டும் அக்காவால் வர முடியவில்லை, தொழிற்சாலையில் ஷிப்ட். ஓடிப்போய் டெலிபோன் செய்தேன்.

“அக்கா, ட்ரை அடிச்சிட்டேன்.”

“நல்லதுடா. ஆனா யாருகிட்டப் போய்ச் சொல்றது? அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே.”

கேலியாக இல்லை, உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள். யாருக்கும் தெரியாவிட்டால் போகிறது என்று இருக்க எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நாள் மனத்தாங்கலோடு இருந்தேன். எனக்காகப் பொய் சொன்னவள் மேலேயே கோபப்பட்டேன், பாருங்கள்.

அக்கா போன வருடம் தவறிவிட்டாள். அதற்குப் பின் கமுந்திங்கில் ஒரு கல்யாணம். பழைய லயத்துக்காரர் பெரியசாமி அண்ணே என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பேரப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார்.

“கொழும்புல இவரு தோள்ல மூணு பேரு தொங்குறானுங்க. விடல. அப்படியே இழுத்துக்கிட்டுப் போறாரு. மொழங்கால் தேயுது, மண்ணு பறக்குது, கோட்டத் தாண்டி இடது கையால வச்சாரு பாரு.”

“தாத்தா, நீங்க பாத்தீங்களா?”

“லயமே பாத்துச்சுடா.”

அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். எங்கள் வீடு எந்தத் தெருவில் வரும் என்று காட்ட எனக்குத் தெரியாது. கருப்பர் கோயில் இருந்த இடத்தைக் கேட்டாலும் அப்படித்தான். கல்யாணத்திலிருந்து திரும்பிக் காரை ஓட்டும்போது கோலாலம்பூர் ஆட்டத்தை நினைத்துப் பார்த்தேன். அந்த மழையில் நான் எந்தப் பக்கமாக விழுந்தேன், மேலே யார் கிடந்தார்கள், பந்து எந்தக் கையில் இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணுக்குள் வந்ததெல்லாம் கொழும்பு. முழங்கால் தேய்கிறது, மண் பறக்கிறது, இடது கையால் பந்தை வைக்கிறேன்.