தொக்குக்குப் போன வாளி

புத்த பூர்ணிமா விருந்தில் உரித்த வெங்காயம் நிறைய மிஞ்சியது. வீணாக்க மனமில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் கிடந்த நீல வாளியை ஒருமுறை அலசிக் கொண்டுபோய், வெங்காயத்தை அதில் போட்டு எடுத்துவந்தேன். மறுநாள் காலை தொக்காகக் கிண்டி, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் லைனில் வரிசையாக இருக்கும் ஆறு வீடுகளுக்கும் கொடுத்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவர் வாளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இன்னாமே இது? இதுலதான கரையான் மருந்து கரைச்சேன்!”

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஐந்து வீட்டில் யாரும் தொடவில்லை. தொக்கு ஒருநாள் ஊறினால்தான் ருசி என்று மூடி வைத்திருந்தார்கள். ஆறாவது வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஷீலா, இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“துப்புடி!”

“ஒரு வாய் முழுங்கிட்டேனே ஆன்ட்டி.”

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சாயங்காலம் வரை வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, நடுச்சுவருக்கு அப்பால் அவள் குழந்தை வீல் என்று அழுதபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருந்து வாளியை உடைத்தே போட்டுவிட்டோம். மிஞ்சிய வெங்காயத்தை இப்போது சமையல் பாத்திரத்தில் மட்டுமே எடுத்துவருகிறேன். ஷீலா தொக்கு கேட்கிறாள். கிண்டிக் கொடுக்கிறேன், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.